ராத்திரியானால் காலைச் சும்மா வைக்க முடியவில்லை: வளரும் பிள்ளைகளின் கால் குறுகுறுப்பும் தூக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குழந்தைகள் மருத்துவர். நீலகிரி மலையில் குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்திலிருந்து 11 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். "படிக்க உட்கார்ந்தால் நெளிகிறான், படுத்தால் புரள்கிறான், காலையில் எழுப்ப முடியவில்லை" என்பதுதான் பெரும்பாலும் முதல் புகார். திட்டுவதற்கு முன்னால் பிள்ளையின் உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான்.

உட்கார்ந்த இடத்தில் காலாட்டுவது பழக்கதோஷம்தானே? இதை ஏன் நோய் என்கிறீர்கள்?

"உட்கார்ந்து காலாட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது" என்று பாட்டி அதட்டினால் நின்றுவிடுகிற ஆட்டம் வெறும் பழக்கம்தான். அதை ஆட்டுகிறவருக்கே தெரியாது. நான் சொல்வது வேறு. இதில் காலுக்குள் ஒரு தொந்தரவு முதலில் வருகிறது, காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதலும் கூடவே வருகிறது. சும்மா உட்கார்ந்தாலோ படுத்தாலோ ஆரம்பிக்கிறது அல்லது கூடுகிறது. எழுந்து நடந்தால், காலை நீட்டி மடக்கினால், நடக்கும்வரையாவது குறைகிறது. சாயங்காலத்துக்கு மேல், முக்கியமாகப் படுக்கப் போகும் நேரத்தில், அதிகமாகிறது. இவையெல்லாம் சேர்ந்திருந்து, தசைப்பிடிப்பு, கால் மரத்துப்போதல் போன்ற வேறு காரணங்கள் இல்லையென்றால் அதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். 1672இலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார். 1945இல் ஸ்வீடன் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் விரிவாக ஆராய்ந்து இந்தப் பெயரை வைத்தார். செல்போன் வந்த பிறகு முளைத்த வியாதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் மகளிடம் கேட்டால் "கால் என்னமோ பண்ணுது" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பிள்ளைகள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள். "எறும்பு ஊருது", "குறுகுறுங்குது", "கரண்ட் ஓடுது", "காலு அரிக்கல, ஆனா உள்ள அரிக்குது" என்றெல்லாம் சொல்வார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "சோடா பாட்டில் திறந்தா நுரை வருமில்ல டாக்டர், அது எலும்புக்குள்ள வர்ற மாதிரி" என்றாள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்துபோய்ச் சமையலறை சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்பாளாம். அந்தச் சில்லிப்பில் கொஞ்ச நேரம் நிம்மதி. திரும்பி வந்து போர்வைக்குள் போனதும் மறுபடி ஆரம்பம். ராத்திரி எழுந்து போன் பார்க்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

சொல்லத் தெரியாத பிள்ளையைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். தூங்கும்போது கம்பளியை உதைத்துத் தள்ளுகிறதா, காலையில் படுக்கை கலைந்துகிடக்கிறதா, பக்கத்தில் படுக்கும் தம்பி "அக்கா உதைக்குது" என்கிறானா என்று பாருங்கள். தூக்கத்தில் கால் விட்டுவிட்டு வெட்டியிழுப்பது இந்த நோயுள்ள பலருக்கு உண்டு.

இது வளரும் வயதில் வரும் கால்வலிதான் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்களே?

இரண்டும் சாயங்காலமும் ராத்திரியும்தான் வரும் என்பதால் குழப்பம் சகஜம். ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். வளர்ச்சி வலியில் வலிதான் பெரிது, காலைப் பிடித்துவிட்டால் அடங்கும், எழுந்து நடக்க வேண்டும் என்று தோன்றாது. இதில் அசைக்கச் சொல்லும் உந்துதல்தான் பெரிது.

ஆனால் சிலவற்றை இந்த இரண்டில் எதிலும் சேர்க்காதீர்கள். ஒரே காலில் மட்டும் வலி, வீக்கம், காய்ச்சல், காலையில் நொண்டுதல், எடை குறைதல், காலில் பலமின்மை, சிறுநீர் கட்டுப்பாடு போவது – இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

எத்தனை பிள்ளைகளுக்கு வருகிறது? எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 8 முதல் 17 வயதுள்ளவர்களிடம் கேட்டறிந்ததில் ஏறக்குறைய 100க்கு 2 பேருக்கு இருந்தது. 50 பேர் படிக்கும் வகுப்பில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருக்கும், ஆனால் அவர்களுக்கே தெரியாது. "எனக்கும் கர்ப்பமா இருக்கும்போது இப்படித்தான் காலு நிக்காது" என்று பல அம்மாக்கள் பாதிப் பேச்சில் சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பக் காலத்தில் இது கூடுவது தெரிந்த விஷயம். உங்கள் மாமியாரையும் ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள்.

காலில் வரும் தொந்தரவுக்கும் இரும்புச் சத்துக்கும் என்ன சம்பந்தம்?

தொந்தரவு காலில் தெரிந்தாலும் கோளாறு மூளையில் இருக்கிறது. அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமின் என்ற ரசாயனத்தை மூளை தயாரிப்பதற்கு இரும்பு வேண்டும். மூளைக்குப் போகும் இரும்பு குறையும்போது இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. டோபமினின் வேலை பகலில் ஒரு மாதிரியும் ராத்திரியில் ஒரு மாதிரியும் இருப்பதால்தான் பகலெல்லாம் ஃபுட்பால் ஆடிய பையன் பத்து மணிக்குப் படுத்ததும் தவிக்கிறான்.

வளரும் வயதில் உடம்புக்கு இரும்பு அதிகமாகத் தேவைப்படுகிறது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாயிலும் போகிறது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கும் அதே வயது ஆண்களில் 31.1 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. பையன்களுக்கு ரத்தசோகை வராது என்ற நினைப்பை இந்த எண்ணைப் பார்த்தாவது விட வேண்டும்.

ஹீமோகுளோபின் 12.4 இருக்கிறது, நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எப்படி இரும்புக் குறைவு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். ஹீமோகுளோபின் குறைவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னாலேயே உடம்பின் இருப்பு காலியாகத் தொடங்கிவிடும். அந்த இருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற தனிப் பரிசோதனை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கும் பிள்ளைகள் நிறைய.

ரிப்போர்ட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல லேப்களில் நார்மல் அளவு 10 அல்லது 15இல் தொடங்குவதாக அச்சிட்டிருப்பார்கள். 18 வந்தால் நார்மல் என்று எண்ணி ஃபைலுக்குள் வைத்துவிடுவீர்கள். ஆனால் இந்தக் கால் தொந்தரவு உள்ள பிள்ளைக்கு ஃபெரிட்டின் 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தாலே இரும்பு மருந்து தரலாம் என்பது இத்துறை நிபுணர்களின் பரிந்துரை. ஆகவே பக்கத்தில் எழுதியிருக்கும் நார்மலை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள். சளி, காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். காய்ச்சல் விட்டு இரண்டு வாரமாவது கழித்து, காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்ஸிஜன் அழுத்தம் குறைவு என்பதால் உடம்பு கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்கிக்கொள்ளும். அதனால்தான் இந்த உயரத்தில் வாழ்பவர்களின் ஹீமோகுளோபினில் ஏறக்குறைய 1.4 கிராமைக் கழித்துவிட்டு மதிப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோயம்புத்தூரில் இருக்கும் பெண்ணின் 12.4க்கும் ஊட்டியில் இருக்கும் பெண்ணின் 12.4க்கும் ஒரே பொருள் கிடையாது.

தேயிலைக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். டீ குடித்தால் தப்பா?

டீயை நிறுத்தச் சொல்லவில்லை. எப்போது குடிக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். தேயிலையில் இருக்கும் டானின் போன்ற பொருள்கள் கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கின்றன. சாப்பாட்டோடு சேர்த்து ஒரு டீ குடித்தாலே அந்த வேளையில் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் வீணாகலாம்.

நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். எழுந்ததும் ஒரு டம்ளர், இட்லியோடு ஒரு டம்ளர், பள்ளி விட்டு வந்ததும் பன்னோ வர்க்கியோ தொட்டுக்கொள்ள ஒன்று, ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் குளிருக்கு இன்னொன்று. நான்கு வயதிலேயே இது தொடங்கிவிடுகிறது. இரும்பு சேரவிடாததோடு, ராத்திரி டீயின் காஃபின் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது, கால் தொந்தரவையும் சிலருக்குக் கூட்டுகிறது. ஒரே டம்ளர் இரண்டு பக்கமும் கெடுக்கிறது. கட்டஞ்சாயாவுக்கும் இது பொருந்தும். பால் ஊற்றினால் தோஷம் போய்விடும் என்பதும் சரியில்லை.

சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுங்கள். பிள்ளைகளுக்குச் சாயங்காலம் 4 மணியோடு டீ போதும். ராத்திரி சூடாக ஏதாவது வேண்டுமென்றால் சுக்குக் கஷாயமோ சீரகத் தண்ணீரோ கொடுங்கள். பச்சைத் தேயிலை பறித்துப் பிழைக்கும் குடும்பங்களிடம் இதைச் சொல்லும்போது முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். நேரத்தை மாற்றினால் போதும், டீயைப் பகைத்துக்கொள்ளத் தேவையில்லை.

என்ன சாப்பிடக் கொடுக்கலாம்? பேரீச்சம்பழம் தினமும் கொடுக்கிறோம்.

பேரீச்சம்பழத்தையும் வெல்லத்தையும் நம்பிப் பலர் வருடங்களை ஓட்டிவிடுகிறார்கள். அவற்றில் இருப்பது சொற்பம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டு ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல், மீன் எல்லாம் நன்றாகச் சேரும். சைவக் குடும்பங்களுக்கு அவரை, மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு, கீரை, ராகி. ராகியில் சுண்ணாம்புச் சத்துதான் முதன்மை, இரும்பும் ஓரளவு உண்டு. கூடவே நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை என்று வைட்டமின் சி உள்ளது ஏதாவது அதே வேளையில் இருக்கட்டும். சாம்பார் சாதத்துக்கு ஒரு நெல்லிக்காய்த் துண்டு போதும். ஆனால் ஃபெரிட்டின் மிகவும் குறைந்துவிட்ட பிறகு சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்ட முடியாது, மருந்து வேண்டும்.

பள்ளியில் வாராவாரம் நீல மாத்திரை கொடுக்கிறார்களே, அது போதாதா?

அது ரத்தசோகை வராமல் தடுக்கத் தருவது. 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு அரசு தரும் அந்த மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நல்ல திட்டம், கட்டாயம் விழுங்கட்டும். வயிறு புரட்டுகிறது என்று பையில் போட்டுக்கொண்டு வருகிறார்களா என்று மட்டும் பாருங்கள், சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டாது. ஏற்கெனவே குறைந்திருக்கும் பிள்ளைக்கு எடைக்கேற்ப மருத்துவர் தனியாக எழுதித் தருவார். அதை எலுமிச்சைச் சாறோடு போடலாம், பாலோடும் டீயோடும் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பார்க்க வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மாத்திரையை எட்டாத உயரத்தில் வையுங்கள், இரும்பு மாத்திரையை மிட்டாய் என்று அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை, தோட்டத்தில் நடக்கும்போது காலில் செருப்பு. கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாகத்தான் ஏறும், ஏறினால் ரத்தத்தைக் குடிக்கும். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டினாலோ இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்தாலோ அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து வருகிறோம். எங்கள் பிள்ளைக்கும் இதே மருந்து வாங்கலாமா?

பரிசோதிக்காமல் வாங்காதீர்கள். பணியர், குறும்பர், இருளர் போன்ற பழங்குடிக் குடும்பங்களில் சிக்கிள் செல் ரத்தசோகை (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாகிவிடும் பரம்பரை நோய்) காணப்படுகிறது. அதில் கைகால் வலி கடுமையாக வரும், ரத்தமும் குறைவாக இருக்கும், ஆனால் காரணம் இரும்புக் குறைவாக இல்லாமலிருக்கலாம். அந்த வலிக்கு வைத்தியமே வேறு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இந்த நோய்க்காகப் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்திலும் இதற்கான பரிசோதனை உண்டு. ஒருமுறை பார்த்துப் பரிசோதனை அட்டை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

சளி மருந்து கொடுத்தால் நன்றாகத் தூங்குவான் என்று கொடுக்கிறோம். சரிதானே?

வேண்டாம். மயக்கம் தரும் சளி மருந்துகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்றவை இருக்கின்றன. இவை கால் தொந்தரவைக் கிளப்பிவிடும். பிள்ளை மயக்கத்தில் கண்ணைத் திறக்க முடியாமல், காலை நிறுத்தவும் முடியாமல் தவிக்கும். மேட்டுப்பாளையம் இறங்கும் வளைவுகளில் வாந்தி வராமலிருக்கப் போடும் புரோமெத்தசின் மாத்திரையும் வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் அப்படியே. மலைக்காரர்கள் அடிக்கடி போடும் மாத்திரைகள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளுக்கும் இந்தக் குணம் உண்டு, ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது, எழுதித்தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குளிரால் வருகிறதா? கீழே சமவெளிக்குப் போய்விட்டால் சரியாகுமா?

குளிர் இதை உண்டாக்காது. இமயமலை, ஆண்டிஸ் பகுதிகளில் நடந்த சில ஆய்வுகள் உயரமான இடங்களில் இது சற்றுக் கூடுதல் என்று சொல்கின்றன. அதற்காக ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. சமவெளியிலும் இதே பிள்ளைகள் இதே தவிப்போடு இருக்கிறார்கள்.

குளிரைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன்: டிசம்பர், ஜனவரியில் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். காலையில் வீட்டில் எல்லோருக்கும் தலைவலி என்றால் முதலில் அந்த அடுப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பத்தாவது படிக்கிறான். நாலு மணிக்கு எழுப்பிப் படிக்கவைக்கிறோம். அப்போதுதானே மனதில் பதியும்?

ஒன்பது மணிக்கெல்லாம் ஊரடங்கிய காலத்தில் நாலு மணிக்கு எழுந்தவர்கள் ஏழு மணி நேரம் தூங்கியிருந்தார்கள். இன்று டியூஷன் முடிந்து, கடைசி மினி பஸ்ஸைப் பிடித்து வந்து சாப்பிட்டு, எழுத வேண்டியதை எழுதிப் படுக்கவே பதினொன்றரை ஆகிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் வகுத்த அளவு. உங்கள் மகனுக்குக் கிடைப்பது நாலரை. படித்ததை மூளை பதித்துக்கொள்வது தூக்கத்தில்தான் நடக்கிறது. தூக்கத்தைப் பிடுங்கிப் படிக்கவைத்தால் படித்தது தங்காது.

பருவ வயதில் தூக்கம் வரவைக்கும் மெலட்டோனின் சுரப்பதே பிந்திப்போகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அது நிஜம், திமிர் இல்லை. கால் தொந்தரவும் சேர்ந்தால் பன்னிரண்டு தாண்டிவிடும். தூக்கம் குறைந்தால் கால் தொந்தரவு இன்னும் கூடும் என்பதால் இது ஒரு சுழல். தேர்வு நெருங்கும்போது அதிகாலைப் படிப்பைக் கைவிட்டு, ஆறு மணிக்கு எழுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்கவிடாமல், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக விட்டால் போதும். எழுந்ததும் பத்து இருபது நிமிடம் வெளியே நிற்கட்டும். மூடுபனியாக இருந்தாலும் வெளி வெளிச்சம் வீட்டு பல்பைவிடப் பல மடங்கு அதிகம், உடம்பின் கடிகாரத்தைத் திருத்த அது போதும். போன் ராத்திரி ஹாலில் சார்ஜ் ஆகட்டும், அப்பாவுடையதும் சேர்த்து.

ராத்திரி தவிக்கும்போது உடனடியாக என்ன செய்யலாம்?

வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் கால் வைக்கலாம், கெண்டைக்காலை அழுத்திப் பிடித்துவிடலாம், சுவரில் கையூன்றிப் பின்னங்காலை நீட்டி இழுக்கலாம். சிலருக்குச் சூடு கேட்கிறது, சிலருக்குச் சில்லென்ற தரைதான் கேட்கிறது. எது கேட்கிறதோ அதைச் செய்யட்டும். தினமும் விளையாடுவது நல்லது, ஆனால் படுக்கும் முன் மூச்சு வாங்க ஆடினால் எதிர்மாறாகும். எழுந்து நடக்கும் பிள்ளையை "பேசாமப் படு" என்று அதட்டாதீர்கள். அந்த நேரத்தில் அதனால் முடியாதது அது ஒன்றுதான்.

இரும்புக்குப் பிறகும் சரியாகாவிட்டால்?

அப்போது நரம்பியல் அல்லது தூக்க மருத்துவ நிபுணரைப் பார்க்க வேண்டும். கபாபென்டின் போன்ற மருந்துகளைத் தேவையான பிள்ளைகளுக்கு மட்டும் அவர்கள் கண்காணிப்போடு தருவார்கள். பெரியவர்களுக்கு ஒரு காலத்தில் தாராளமாகத் தந்த டோபமின் வகை மருந்துகள் நாள்பட நோயையே தீவிரமாக்குவது தெரிந்ததால், 2025இல் வெளியான வழிகாட்டுதலில் அவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அதே வழிகாட்டுதல் சொல்வது இரும்பு மருந்தைத்தான். உறவினருக்கு எழுதித்தந்த மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

வகுப்பில் உட்காரவே மாட்டேன் என்கிறான், கவனமில்லை என்று டீச்சர் புகார். ஏ.டி.ஹெச்.டி.யாக (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) இருக்குமோ?

இருக்கலாம். இரண்டும் ஒரே பிள்ளைக்குச் சேர்ந்து வருவது அதிகம். தூக்கமில்லாத பிள்ளையும் பகலில் அப்படித்தான் தெரியும், சோர்வைவிடத் துறுதுறுப்பும் எரிச்சலும்தான் முன்னால் நிற்கும். ஆகவே முத்திரை குத்துவதற்கு முன் தூக்கத்தையும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். டீச்சரிடம் நேரில் போய், கடைசி பெஞ்சில் ஓரமாக இடம் கேளுங்கள், நின்றுகொண்டு எழுத அனுமதி கேளுங்கள். விஷயத்தைச் சொன்னால் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். விடுதியில் படிப்பவர்கள் என்றால் வார்டனிடமும் சொல்லி, ராத்திரி வராந்தாவில் இரண்டு நடை நடந்தால் தண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே காட்டுவது? என்ன கொண்டுவர வேண்டும்?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது குழந்தைகள் மருத்துவர். நோயைக் கண்டுபிடிப்பது பிள்ளையின் பேச்சைக் கேட்டுத்தான், பெரிய மெஷின் தேவையில்லை. ஃபெரிட்டின் அங்கே இல்லையென்றால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். தனியார் லேப் என்றால் சில நூறு ரூபாய் ஆகும். குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது போன்றவை இருந்தால்தான் தூக்க ஆய்வுக்காகக் கோயம்புத்தூர் போகும் தேவை வரும்.

வரும்போது ஒரு நோட்டில் இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தாள், எப்போது தூங்கினாள், நடுவில் எழுந்தாளா, எத்தனை டீ எந்த நேரத்தில், என்ன மாத்திரை போட்டாள். மாத்திரை அட்டைகளையும் பழைய ரத்த ரிப்போர்ட்டுகளையும் சேர்த்துப் பையில் போடுங்கள். அப்பா அம்மா இருவரில் யாருக்காவது ராத்திரி கால் நிற்காதென்றால் அவரும் கூட வரட்டும், அவருடைய ஃபெரிட்டினையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.